பாகம் பிரிக்கத் தாமதிக்கும் நிர்வாகி: வாரிசுதாரர் அறிய வேண்டுவன

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கிராமத்தில் ஒரு குடும்பத் தலைவர் காலமானதும், அவர் விட்டுச் சென்ற நிலம், வீடு, கிணறு, கால்நடை, ரொக்கம் ஆகியவற்றை ஒருவர் பொறுப்பேற்று நடத்துவது நம் நாட்டு வழக்கம். பெரும்பாலும் அவர் மூத்த மகனாகவோ சிற்றப்பனாகவோ இருப்பார். இவ்வழக்கத்தில் குற்றம் எதுவும் இல்லை. துக்கம் நிறைந்த வேளையில் ஒருவர் முன்னின்று பயிரையும் கடனையும் கவனிப்பது குடும்பத்திற்கு நன்மையே. ஆனால், "இந்த அறுவடை முடியட்டும்", "சொஸைட்டிக் கடன் அடையட்டும்", "தங்கையின் கல்யாணம் ஆகட்டும்" என்று பிரிவினை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போகும்போது நன்மை தீமையாக மாறுகிறது.

இதனால் விளையும் நஷ்டத்தை நாம் தினமும் காண்கிறோம். தன் பெயரில் பட்டா இல்லாத விவசாயிக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுவது கடினமாகிறது. பயிர்க் காப்பீடு, மானியம் ஆகியவற்றிலும் இதே தொல்லைதான். வீட்டு வசதித் திட்டத்தில் மனுச் செய்யும் ஏழைப் பெண், மனை இறந்த மாமனார் பெயரிலேயே இருப்பதால் திரும்பிப் போகிறாள். பங்கு நிச்சயமாகாத நிலத்தில் எவரும் கிணற்றை ஆழப்படுத்துவதில்லை; வரப்பைச் சீர் செய்வதில்லை; எருவும் இடுவதில்லை. ஒரு குடும்பத்தின் தாமதம் கிராமத்தின் உற்பத்தியையே குறைக்கிறது. ஆகவே, இவ்விஷயத்தில் சட்டம் என்ன கூறுகிறது, வாரிசுதாரர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், ஊராட்சி உறுப்பினரின் கடமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாக ஆராய்வோம்.

1. நிர்வாகி என்பவர் யார்?

நிர்வாகிகள் மூவகைப்படுவர். பொறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும்.

முதல் வகை, உயிலில் பெயர் குறிக்கப்பட்ட உயில் நிறைவேற்றுநர். இவரை அமர்த்தியவர் இறந்துபோனவரே.

இரண்டாவது வகை, நீதிமன்றம் நிர்வாக உரிமைப் பத்திரம் வழங்கி நியமிக்கும் நிர்வாகி. இவர் சொத்தை ஒழுங்காக நடத்துவதாக நீதிமன்றத்திற்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் தவறினால், நீதிமன்றம் அப்பத்திரத்தை உரியவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அதைக் கொண்டு அவர்மீதும் ஜாமீன்தாரர்மீதும் வழக்குத் தொடரலாம்.

மூன்றாவது வகையே கிராமங்களில் மிகுதி. உயிலும் இல்லை, நீதிமன்ற உத்தரவும் இல்லை; குடும்பத்தில் ஒருவர் தாமாகவே பொறுப்பை வகிக்கிறார். சட்டத்தின் பார்வையில் இவர் கூட்டு உரிமையாளருள் ஒருவரே. பரம்பரைக் கூட்டுக் குடும்பமாயின் இவரைக் கர்த்தா என்பர். இவர் எந்த வகையினராயினும், சொத்து இவருக்கு மட்டுமே உரியதன்று என்பதில் ஐயமில்லை.

2. நியாயமான தாமதம் எது?

எல்லாத் தாமதமும் குற்றமன்று. உயில் நிறைவேற்றுநரோ நிர்வாகியோ முதலில் ஈமச் செலவையும், பின்பு நீதிமன்ற உத்தரவு பெற ஆன செலவையும், அடுத்து இறந்தவரிடம் கடைசி 3 மாதங்களில் வேலை செய்த தொழிலாளரின் கூலியையும், அதன்பின் ஏனைய கடன்களையும் தீர்க்க வேண்டும் என்பது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வகுத்துள்ள வரிசை. கடனைத் தீர்த்த பிறகே பங்கு. வாரிசுகளும் தமக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே இறந்தவரின் கடனுக்குப் பொறுப்பாவர். தம் சொந்த உழைப்பில் தேடியதிலிருந்து கொடுக்க வேண்டுவதில்லை.

இப்பணிகளுக்குச் சட்டம் காலவரையறையும் தந்திருக்கிறது. நீதிமன்ற உத்தரவு பெற்ற நிறைவேற்றுநரோ நிர்வாகியோ, உத்தரவு கிடைத்த 6 மாதத்திற்குள் சொத்து, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய கடன் ஆகியவற்றின் முழுப் பட்டியலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 1 ஆண்டிற்குள் வரவு செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். அவகாசத்தை நீட்டிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. நீதிமன்றம் கேட்ட பிறகும் வேண்டுமென்றே பட்டியலோ கணக்கோ தராதிருப்பது தண்டனைக்குரியது. உயிலின்படி கொடுக்க வேண்டிய கொடையை, எழுதியவர் இறந்து 1 ஆண்டு முடியும் வரை கொடுக்கும்படி நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த இயலாது. அந்த ஓராண்டு கழிந்தபின், வேறு கெடு குறிக்கப்படாத பணக் கொடைக்கு வட்டியும் சேரும்.

எனவே, முதலாண்டில் பொறுமை காட்டுவது வாரிசுதாரரின் கடமை. அதற்குப் பிறகு காரணம் கேட்பது அவரது உரிமை.

3. தமக்கு வரும் பங்கை அறிதல்

பங்கு எவ்வளவு என்றே தெரியாமல் சண்டையிடுவோர் பலர். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு ஜூன் 17 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயார்ஜிதச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். முன்னரே இறந்த பிள்ளையின் பங்கை அப்பிள்ளையின் குடும்பத்தார் பெறுவர். பரம்பரைச் சொத்தில், 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் அந்நாளுக்கு முன் திருமணமாகாத மகளுக்கு மகனைப் போன்ற பிறப்புரிமை வழங்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் மணமான மகளையும் சேர்த்துக்கொண்டது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத்தாலோ முறைப்படி நடந்த பிரிவினைகளை இத்திருத்தம் கலைக்காது.

ஓர் உதாரணம் காண்போம். 6 ஏக்கர் நிலமுடைய விவசாயி ஒருவர் 2015-இல் உயில் எழுதாமல் இறந்தார். மனைவியும், 2 மகன்களும், 1 மகளும் உள்ளனர், தாய் இல்லை. நிலம் சுயார்ஜிதமாயின் நால்வருக்கும் ஆளுக்கு 1 ஏக்கர் 50 சென்ட். நிலம் பரம்பரைச் சொத்தாயின், முதலில் தந்தை, 2 மகன்கள், மகள் என 4 பாகமாகக் கொள்ள வேண்டும். தந்தையின் பாகமாகிய 1 ஏக்கர் 50 சென்ட்டை மனைவியும் மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்வர். அதாவது மனைவிக்கு 37½ சென்ட். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கர் 87½ சென்ட். கூட்டிப் பார்த்தால் 6 ஏக்கர் சரியாக வரும். ஒரே குடும்பம், ஒரே நிலம். ஆனால் சொத்தின் தன்மையைப் பொறுத்துத் தாயின் பங்கு நான்கு மடங்கு மாறுவதைக் கவனிக்க. ஆகவே மூலப் பத்திரத்தைப் படிக்காமல் பங்கைப் பேசலாகாது.

கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்தம் மதச் சட்டமும் பங்கை நிர்ணயிக்கின்றன. பழங்குடியினருக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் நேரே பொருந்தாது. அவர்கள் தக்க ஆலோசனை பெறுவது நலம்.

4. முதற்படி: ஆதாரங்களைத் திரட்டுதல்

வாய்ச் சண்டைக்கு முன் காகிதங்களைச் சேர்க்க வேண்டும். இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவையில்லை.

(அ) இறப்புச் சான்று. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்வது எளிது.

(ஆ) வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று. இதில் எல்லா வாரிசுகளின் பெயரும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மணமாகிச் சென்ற பெண்ணின் பெயரை விட்டுவிட்டு மனுச் செய்வது அநியாயம். பின்னர் வழக்கிற்கும் அதுவே வித்து.

(இ) சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று. நிர்வாகி இரகசியமாக விற்றாரா, பதிவு செய்து அடமானம் வைத்தாரா என்பது இதில் தெரியும்.

(ஈ) பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம்.

(உ) வங்கி, கூட்டுறவுச் சங்கக் கணக்கு விவரம். வங்கி வைப்புத்தொகைக்கு வாரிசு நியமனம் பெற்றவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரியவரேயன்றி, முழுத் தொகைக்கும் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். எல்லா வாரிசுகளுக்குமாகவே அவர் அதைப் பெறுகிறார்.

இவற்றைக் கொண்டு எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்வது முதல் காப்பு. பட்டா உரிமையைத் தீர்மானிக்கும் பத்திரமன்று; எனினும், ஒருவர் தமக்கே நிலம் முழுவதும் சொந்தம் என்று காட்டிப் பிறரை ஏமாற்றுவதை அது பெருமளவு தடுக்கும்.

5. இரண்டாம் படி: கணக்குக் கேட்டல்

கணக்குக் கேட்பது அவமரியாதை என்று நம்மவர் எண்ணுகின்றனர். நேர்மையான நிர்வாகிக்குக் கணக்கே கவசம். முன் கூறிய 6 ஏக்கரும் சுயார்ஜிதம் என்றும், மூத்த மகன் பயிரிடுகிறார் என்றும் கொள்வோம். ஓராண்டு வரவு ரூ. 1,20,000. சாகுபடிச் செலவு ரூ. 54,000, மேற்பார்வைக்கும் உழைப்புக்கும் எல்லாரும் ஒப்பிய கூலி ரூ. 12,000, தந்தையின் கடன் தவணை ரூ. 14,000. மிச்சம் ரூ. 40,000. நால்வருக்கும் ஆளுக்கு ரூ. 10,000. இவ்வாறு ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் அகலும். உழைத்தவருக்குக் கூலி உண்டு. உரிமையுள்ளவருக்குப் பங்கும் உண்டு.

பரம்பரைக் கூட்டுக் குடும்பக் கர்த்தாவின் நிலை சற்று வேறு. மோசடியோ கையாடலோ செய்தாலன்றி, கடந்த காலத்தின் ஒவ்வொரு செலவுக்கும் அவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் ஒரு பங்குதாரர் பிரிந்துகொள்ளும் எண்ணத்தைத் தெளிவாக அறிவித்துவிட்டால், அன்று முதல் கூட்டு நிலை முறிந்து, கணக்குப் பொறுப்புத் தொடங்குகிறது. எனவே எழுத்து மூலம் கேட்பதன் பயன் மிகப் பெரிது. அதற்கு ஒரு மாதிரி வருமாறு:

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, வணக்கம். நம் தந்தையார் காலமான நாள் முதல் குடும்பச் சொத்துக்களைத் தாங்கள் பொறுப்புடன் கவனித்து வருகிறீர்கள். அதற்கு நன்றியுடையேன். இனி என் பங்கைப் பிரித்துத் தனியே அனுபவிக்க முடிவு செய்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் சொத்து, கடன் பட்டியலையும், வரவு செலவுக் கணக்கையும் எல்லாருக்கும் காட்டி, நிலத்தை அளக்க நாள் குறிக்க வேண்டுகிறேன். அதுவரை எச்சொத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இதன் நகலை அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன்."

கடிதத்தில் வசைமொழி கூடாது. பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும் விதத்தில் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும்.

6. மூன்றாம் படி: சமாதானம்

நீதிமன்றம் செல்லுமுன் சமாதானத்திற்கு முயல வேண்டும். வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடராமலேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அங்கு இரு தரப்பும் ஒப்பி ஏற்படும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. ஏற்கெனவே நிலுவையிலுள்ள வழக்கு அங்குத் தீர்ந்தால் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்.

சமாதானத்தில் மறக்கக்கூடாதவை சில உண்டு. நிலத்தை மட்டும் பிரித்துவிட்டுக் கிணற்றை விட்டுவிடுகிறவர்கள் மறு கோடையிலேயே சண்டையிடுகின்றனர். கிணற்று நீரில் எவருக்கு எத்தனை நாள் முறை, மோட்டாரும் மின் இணைப்பும் யார் பெயரில், பழுது செலவு எப்படி, வாய்க்காலும் வண்டிப் பாதையும் எவ்வழி, மரங்கள் யாருக்கு என்பன பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். மண் வளமும் பாசனமும் ஒன்றாக இல்லாத இடத்தில் ஏக்கர் கணக்கில் சமன் செய்வது நியாயமாகாது. மதிப்பில் சமன் செய்ய வேண்டும். பின்பு பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவுக்கும் தனிப் பட்டாவுக்கும் உடனே மனுச் செய்ய வேண்டும்.

மைனர் பிள்ளையின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிப் பாதுகாவலர் விற்றால், அப்பிள்ளை பின்னர் அதை ரத்துச் செய்யக் கோரலாம் என்பதையும் நினைவிற் கொள்க. படித்துப் பாராமல் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடுவதும், வெற்றுத்தாளில் ரேகை வைப்பதும் தம் பங்கைத் தாமே இழப்பதாகும். தாலி, சீர், நகை பெற்றதால் மகளுக்குப் பங்கில்லை என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

7. நான்காம் படி: நீதிமன்றம்

சமாதானம் பலிக்காவிடில் உரிமையியல் நீதிமன்றமே வழி. கூட்டு உரிமையாளர் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் முதலில் ஒவ்வொருவரின் பங்கையும் அறிவித்து முதல்நிலைத் தீர்ப்பாணை வழங்கும். பின்பு வழக்கறிஞர் ஆணையரைக் கொண்டு நிலத்தை அளந்து பிரித்து இறுதித் தீர்ப்பாணை வழங்கும். முதல்நிலைத் தீர்ப்பிலேயே திருப்தியடைந்து பல ஆண்டு உறங்கியவர் உண்டு. வாரிசுகள் தனி மனுப் போடும் வரை காத்திராமல் நீதிமன்றமே இறுதித் தீர்ப்புக்கான நடவடிக்கையைத் தொடர வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

வழக்கு நடக்கும்போது நிர்வாகி சொத்தை விற்க முயன்றால் தடையாணை கேட்கலாம். சொத்தை வீணாக்கினால் ரிசீவரை நியமிக்கக் கேட்கலாம். வழக்கின்போது வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. பிரிக்க இயலாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடவும் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் வழியுண்டு. சொத்தைக் கூட்டாக அனுபவிக்கும் வாரிசுக்கு நீதிமன்றக் கட்டணம் குறைவு. முற்றிலும் வெளியேற்றப்பட்டவர் தம் பங்கின் சந்தை மதிப்பின்மேல் செலுத்த வேண்டும். ஆகவே நிலத்துடனான தொடர்பைக் கைவிடாதிருத்தல் பல வகையிலும் நன்று.

நிர்வாகி உயிலின்படியோ நீதிமன்ற உத்தரவின்படியோ அமைந்தவராயின், சொத்து நிர்வாக வழக்குத் தொடர்ந்து கணக்கையும் பங்கையும் கேட்கலாம். அவரை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்திற்கு அதிகாரமுண்டு. அவர் சொத்தைத் தவறாகச் செலவிட்டாலும், வர வேண்டியதை வசூலிக்காமல் அசட்டையாக விட்டாலும், அந்த நஷ்டத்தை அவரே ஈடுசெய்ய வேண்டும்.

காலக்கெடுவை மறக்கலாகாது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, நிறைவேற்றுநர் அல்லது நிர்வாகியிடமிருந்து பங்கு பெற வழக்கிட, பங்கு கொடுக்க வேண்டிய நாள் முதல் 12 ஆண்டு அவகாசம். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து ஒதுக்கப்பட்டவருக்கு, அவ்வாறு ஒதுக்கப்பட்டது தெரிந்த நாள் முதல் 12 ஆண்டு. ஒரு கூட்டு உரிமையாளரின் அனுபவம் எல்லாருடைய அனுபவமாகவே கருதப்படும். ஆனால் "உனக்குப் பங்கில்லை" என்று அவர் வெளிப்படையாக மறுத்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். காலம் ஓடத் தொடங்குவது அன்றுதான்.

பங்கு வரும் வரை தாய் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ், வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அவர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோரலாம். நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டதிலிருந்து 90 நாளில் இம்மனுவை முடிக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம்.

8. ஊராட்சி உறுப்பினரின் கடமை

சொத்துரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இல்லை. பட்டா மாற்றும் வட்டாட்சியர்கூட உரிமைத் தகராற்றை முடிவு செய்ய இயலாது. ஆகையால் உறுப்பினர்கள் தீர்ப்புக் கூறுவதும், அபராதம் விதிப்பதும், ஊர்விலக்குச் சொல்வதும் சட்டவிரோதமாகும். அதுவன்றிச் செய்யத்தக்க நற்பணிகள் பல உள்ளன. இறப்பு நேர்ந்த வீட்டில் சான்றுகளைப் பெற உதவலாம். மணமாகி வெளியூர் சென்ற பெண்களின் பெயர் வாரிசுச் சான்றில் விடுபடாமல் நினைவூட்டலாம். இரு தரப்பையும் ஒரு திண்ணையில் அமர்த்திக் கணக்கை வாசிக்கச் செய்யலாம். சட்டப்பணிகள் குழுவுக்கு வழிகாட்டலாம். கிராம சபைக் கூட்டத்தில் இச்செய்திகளை எல்லாரும் அறியச் சொல்லலாம்.

9. நிர்வாகிக்கு ஒரு வார்த்தை

பொறுப்பேற்றுள்ள அண்ணன்மாருக்கும் ஒன்று கூற வேண்டும். சொத்து உங்கள் கையில் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் பொறுப்பும் வளர்கிறது. ரசீதுகள் தொலைகின்றன, சாட்சிகள் மறைகின்றனர், நீங்கள் உண்மையாகச் செலவிட்டதைக்கூடப் பின்னர் நிரூபிக்க இயலாமற்போகும். முதலாண்டிலேயே பட்டியலும் கணக்கும் கொடுத்து, கடனைத் தீர்த்து, பாகத்தைப் பிரித்துக் கொடுத்தவர் தங்கையின் வீட்டிற்குத் தலை நிமிர்ந்து செல்லலாம்.

பிரிவினை என்பது குடும்பத்தைப் பிரிப்பதன்று. அளவும் கணக்கும் தெளிவாயிருக்கும் குடும்பத்தில் உறவு நிலைக்கிறது; தெளிவற்ற இடத்திலேதான் பகை முளைக்கிறது. தந்தை தேடிய நிலம் வழக்குமன்ற வாசலில் தரிசாகக் கிடக்காமல், உரியவர் ஒவ்வொருவரின் ஏர் முனையிலும் விளைய வேண்டும். நம் ஊரில் கணக்கில்லாமல் பல ஆண்டு நிற்கும் பாகங்கள் எவை என்று ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் எண்ணிப் பார்த்து, அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு குடும்பத்தையேனும் பேச்சு வார்த்தைக்கு அமர்த்துவாராக.